மின்கம்பி வழியே தரவு: ஒரு கண்டுபிடிப்பை ‘யாருக்கும் தோன்றக்கூடியது’ என்று எப்போது சொல்லலாம்?

மின்கம்பி வழித் தகவல்தொடர்பில் ஒரு காப்புரிமை வெளிவரும்போதெல்லாம் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழுகின்றன. “கம்பியில்லாத் தொடர்பில் ஏற்கெனவே இருந்ததைக் கம்பிக்கு மாற்றியிருக்கிறார்கள், இதில் என்ன கண்டுபிடிப்பு?” என்பது ஒன்று. “இதற்கு முன் யாரும் செய்ததில்லையே, அப்படியானால் கண்டுபிடிப்புதானே?” என்பது மற்றொன்று. இரண்டுமே சட்டம் கேட்கும் கேள்வியைத் தொடாமல் கடந்து போகின்றன. முதலாமவர், முடிவைப் பார்த்துவிட்டு அதன் எளிமையை அளக்கிறார்; இரண்டாமவர், புதியது என்பதையும் புத்தாக்கம் என்பதையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார். காப்புரிமை அலுவலகமும் நீதிமன்றமும் உண்மையில் எதைத் தேடுகின்றன என்பதை, சட்டப் பயிற்சியோ மின்னணுவியல் பட்டமோ இல்லாதவரும் பின்தொடரும் வகையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

## விடை தெரிந்தவருக்கு விடுகதை இல்லை

“ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம், ஒருவன் கண்பட்டு உடைந்ததாம்” என்ற விடுகதைக்கு விடை தேன்கூடு. விடையைக் கேட்டதும், தச்சர் தேனீக்கள் என்பதும் மண்டபம் கூடு என்பதும் தாமாகவே பொருந்திவிடுகின்றன. இதைக் கண்டுபிடிக்கத் தடுமாறினோமா என்று கூடத் தோன்றும். விடையிலிருந்து கேள்விக்குத் திரும்பி வரும் பாதை எப்போதும் நேரானது. கேள்வியிலிருந்து விடைக்குப் போகும் பாதையில்தான் கிளைகள் இருக்கின்றன.

ஒரு கண்டுபிடிப்பை மதிப்பிடுபவர் எல்லோருமே விடையைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். காப்புரிமை விண்ணப்பம் அவர்கள் மேசையில் கிடக்கிறது. அதில் தீர்வு முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, விடை தெரியாத நாளுக்குத் தம்மைக் கொண்டுபோய் நிறுத்திக்கொள்வதற்கு அவர்களுக்கு ஒரு முறை தேவைப்படுகிறது. கீழே சொல்லப்படும் சோதனைகள் எல்லாம் அதற்காக ஏற்பட்டவையே.

## கம்பிக்குள் என்ன நடக்கிறது

வீட்டுக்கு வரும் மின்சாரம் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் திசை மாறி மாறி நொடிக்கு 50 முழுச் சுழற்சிகளாக ஓடுகிறது. அமெரிக்காவில் 60 முறை. இந்த மெதுவான அலையின் மேல், அதைவிடப் பல மடங்கு வேகமாக அதிரும் மிகச் சிறிய அலையொன்றை ஏற்றி, அதன் மூலம் தகவலை அனுப்புவதே மின்கம்பி வழித் தகவல்தொடர்பு. ஐரோப்பாவில் மின்அளவி வாசிப்பு போன்ற வேலைகளுக்கு 3 முதல் 148.5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. வீட்டுக்குள் இணையத்தைக் கடத்தும் ஹோம்பிளக் ஏவி போன்ற முறைகள் 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை செல்கின்றன.

இந்தக் கம்பியைத் தகவலுக்காக யாரும் இழுக்கவில்லை என்பதே இத்துறையின் அடிப்படைச் சிரமம். தொலைபேசிக் கம்பிக்கு இரண்டு முனைகள். மின்கம்பிக்கோ எத்தனை பிளக் பாயிண்டுகளோ அத்தனை கிளைகள், ஒவ்வொரு கிளையின் முனையிலும் என்ன செருகியிருக்கிறது என்பது மணிக்கு மணி மாறும். ஒளியைக் குறைத்துக் கூட்டும் டிம்மர் ஒன்றை இயக்கிவிட்டு, தகுந்த வடிப்பானின் வழியாக, மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் கம்பியைப் பார்த்தால், 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும், அதாவது 10 மில்லிநொடிக்கு ஒரு முறை, ஒரே இடத்தில் கூர்மையான இரைச்சல் முள் எழுவது தெரியும். கைபேசி சார்ஜர் போன்ற கருவிகளில் உள்ள நேராக்கிகள் மின்னழுத்தம் உச்சத்தை நெருங்கும்போது மட்டும் மின்னோட்டத்தை இழுப்பதால், கம்பியின் மின்தடுப்பும் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) அதே தாளத்தில் மாறிக்கொண்டிருக்கிறது.

இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: மின்கம்பியின் இரைச்சல் முழுக்கத் தாறுமாறானது இல்லை, அதில் ஒரு பகுதி, மின்சாரத்தின் சுழற்சியோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வருவது. இத்துறையின் பல காப்புரிமை வழக்குகளில் வாதம் இந்த ஓர் இயல்பைச் சுற்றித்தான் நடக்கிறது.

## சட்டம் கேட்கும் கேள்வி

காப்புரிமை கோருபவர், தமக்கு எந்த எல்லைவரை தனியுரிமை வேண்டும் என்பதை எண்ணிட்ட வாசகங்களாக எழுதித் தர வேண்டும். இவற்றை உரிமைக்கோரிக்கை என்பார்கள். விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில் எவ்வளவு நுட்பமான அமைப்பு வரையப்பட்டிருந்தாலும், சோதிக்கப்படுவது கோரிக்கையின் சொற்களே. இணையத்தில் நடக்கும் சர்ச்சைகளில் பாதிக்கும் மேல், கோரிக்கையைப் படிக்காமல் தலைப்பை மட்டும் படித்ததால் வருபவை என்பது என் கணிப்பு.

விண்ணப்ப நாளுக்கு முன் உலகில் எங்கேனும் பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி வெளியான அனைத்தையும் முன்னறிவு என்று குறிப்பிடுவோம்: பழைய காப்புரிமைகள், ஆய்வுக் கட்டுரைகள், தரநிலை ஆவணங்கள், கடையில் விற்ற கருவிகள் எல்லாம் இதில் அடங்கும். கோரிக்கையில் உள்ள அத்தனை கூறுகளும் முன்னறிவின் ஒரே ஆவணத்தில் ஒன்றாக இருந்தால், அது புதியதே இல்லை. பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அப்படி இல்லாதபோதுதான் இரண்டாவது சோதனை வருகிறது. முன்னறிவுக்கும் கோரிக்கைக்கும் இடையே உள்ள வேறுபாடு, அத்துறையில் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு இயல்பாகவே தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது என்றால், அந்தக் கண்டுபிடிப்பில் புத்தாக்கப் படி இருக்கிறது.

இங்கே சொல்லப்படும் ‘துறையறிந்தவர்’ ஒரு கற்பனை மனிதர். அவருக்குத் துறையின் எல்லா ஆவணங்களும் எட்டும். வழக்கமான சோதனைகளைச் செய்யும் திறமை உண்டு. ஆனால் புதிதாகக் கற்பனை செய்யும் ஆற்றல் அவரிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. ஐரோப்பிய நடைமுறையில் இவர் ஒரு குழுவாகவும் இருக்கலாம் என்பது நம் பொருளுக்கு முக்கியம். ஏனெனில் மின்கம்பி வழித் தகவல்தொடர்பில் மின்விநியோகப் பொறியாளரும் சைகைச் (சிக்னல்) செயலாக்க வல்லுநரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள்.

இந்தக் கேள்வி எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றே; கேட்கும் விதம்தான் மாறுகிறது. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 56ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் கிரஹாம் வழக்கு இதற்கான உண்மைத் தேடல்களை வகுத்தது. 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், துறையறிந்தவரும் சாதாரண அளவுக்குப் படைப்பாற்றல் உள்ளவர், வெறும் இயந்திரம் அல்லர் என்று கூறிச் சோதனையை இறுக்கியது. இந்தியாவில் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு, தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருப்பதோடு, துறையறிந்தவருக்கு அது இயல்பாகத் தோன்றக்கூடியதாகவும் இருக்கக் கூடாது என்கிறது. பொருளாதார முக்கியத்துவம் இருந்தாலே போதும் என்று இதைப் பாதியில் நிறுத்திப் படிப்பவர்கள் உண்டு. வாசகத்தின் பிற்பகுதி கட்டாயமானது. பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துச் சுழற்றும் முறை தொடர்பான பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், பட்டறையில் இயல்பாகச் செய்யப்படும் மேம்பாடு மட்டும் போதாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1978இல் தெளிவாக்கியது. 2015இல் ரோஷ்–சிப்ளா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டியபோது, முடிவை அறிந்துகொண்டு பின்னோக்கிப் பார்க்கும் பார்வையை விலக்க வேண்டும் என்பதையும் அவற்றோடு சேர்த்தே சொன்னது.

## ஐரோப்பிய அலுவலகம் நடக்கும் வழி

மியூனிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் முறைதான் தொடக்கநிலையினர் கற்க ஏற்றது என்று நினைக்கிறேன். ஒவ்வோர் அடியையும் தாளில் எழுதிச் சரிபார்க்க அது இடம் தருகிறது. முதலில், கோரிக்கைக்கு மிக அருகில் உள்ள ஒரு முன்னறிவு ஆவணத்தைத் தொடக்கப் புள்ளியாக எடுக்கிறார்கள். அடுத்து, அந்த ஆவணத்தில் இல்லாத எந்தக் கூறு கோரிக்கையில் இருக்கிறது என்று குறிக்கிறார்கள். அந்த வேறுபாடு உண்மையில் என்ன தொழில்நுட்ப விளைவைத் தருகிறது என்று பார்த்து, அந்த விளைவை அடைவதையே ஒரு சிக்கலாக எழுதிக்கொள்கிறார்கள். கடைசியாக, அந்தச் சிக்கலோடு தொடக்க ஆவணத்தைக் கையில் வைத்திருக்கும் துறையறிந்தவர் கோரிக்கையின் தீர்வுக்கு வந்திருப்பாரா என்று கேட்கிறார்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எடை முழுவதும் இருக்கிறது. அவரால் வந்திருக்க முடியுமா என்று கேட்டால் பெரும்பாலும் ‘முடியும்’ என்றே பதில் வரும். கம்பியும், தரவைச் சைகையாக மாற்றி அனுப்பும் மோடமும், அளவிகளும் அவர் கையிலேயே இருக்கின்றன. வந்திருப்பாரா என்று கேட்டால், அவரை அந்தத் திசையில் தள்ளிய காரணம் எது என்று காட்ட வேண்டியிருக்கிறது. அந்த அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் டி 2/83 என்ற முடிவில் 1984ஆம் ஆண்டிலேயே இந்த வேறுபாட்டை நிலைநிறுத்தியது. மின்கம்பித் துறையில் அந்தக் காரணம் மிகப் பல சமயங்களில் கம்பியின் இயல்பிலிருந்தே பிறக்கிறது, அல்லது கம்பியின் இயல்பே அதற்குத் தடையாக நிற்கிறது. ஆகவே இத்துறையில் வாதிடுபவர், ‘இந்த நுட்பம் வேறிடத்தில் இருந்ததா’ என்பதோடு நிறுத்தாமல், ‘கம்பியைப் பற்றி அன்று என்ன தெரிந்திருந்தது’ என்பதையும் காட்டியாக வேண்டும்.

## ஒரு கோரிக்கையைச் சோதித்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக நானே ஒரு கோரிக்கையை அமைத்துக்கொள்கிறேன். விண்ணப்ப நாள் 1990களின் இறுதி என்று கொள்வோம். கோரிக்கை இது: “மின்சாரத்தின் சுழற்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி பிட் ஒதுக்கீட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு, சுழற்சியின் நிலைக்கேற்ப அட்டவணையை மாற்றித் தரவை அனுப்பும் மோடம்.”

பிட் ஒதுக்கீட்டு அட்டவணை என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அகன்ற அதிர்வெண் பகுதியை நூற்றுக்கணக்கான குறுகிய அலைவரிசைகளாக வெட்டி, எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தரவை அனுப்பும் ஓஎஃப்டிஎம் என்ற முறையில், தெளிவான அலைவரிசைக்கு அதிக பிட்டுகளையும் இரைச்சல் மிகுந்ததற்குக் குறைந்த பிட்டுகளையும் ஒதுக்கும் பட்டியலே அது. தொலைபேசிக் கம்பியில் இணையம் தந்த டிஎஸ்எல் மோடங்கள் 1990களிலேயே இத்தகைய பட்டியலைப் பயன்படுத்தின.

தொடக்க ஆவணம், ஓஎஃப்டிஎம் முறையில் இயங்கும் ஒரு மின்கம்பி மோடத்தை விவரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஓர் அட்டவணை, பிழைகள் கூடும்போது அது புதுப்பிக்கப்படும். வேறுபாடு தெளிவு: ஓர் அட்டவணைக்குப் பதில் பல, அவை சுழற்சியோடு பிணைக்கப்பட்டவை. விளைவும் தெளிவு: ஒரே அட்டவணை இருந்தால் அதைச் சுழற்சியின் மிக மோசமான பகுதிக்கு ஏற்ப அமைக்க வேண்டும், இல்லையேல் அந்தப் பகுதியில் வரும் பிழைகளைச் சகித்துக்கொள்ள வேண்டும், பல அட்டவணைகள் இருந்தால் அமைதியான பகுதிகளில் கூடுதல் தரவு செல்லும்.

சிக்கலை எழுதும் கட்டத்தில்தான் கை நழுவும். “சுழற்சியோடு மாறும் இரைச்சலை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?” என்று எழுதினால் பாதித் தீர்வைச் சிக்கலுக்குள்ளேயே வைத்துவிட்டோம். “தொடக்க ஆவணத்தின் மோடத்தில் தரவு வேகத்தை எப்படிக் கூட்டுவது?” என்பதே நேர்மையான வடிவம்.

இப்போது எதிர்ப்பாளர் இரண்டாவது ஆவணத்தைக் கொண்டுவருகிறார். ஸ்காட்லாந்தின் பிகோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975இல் உருவாக்கிய எக்ஸ்10 என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு முறை, மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும் தருணத்தில் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை அனுப்பி விளக்குகளை இயக்கியது. சுழற்சியின் நிலைக்கேற்ப அனுப்பும் நேரத்தைத் தேர்வது பழைய செய்தி, ஆகவே கோரிக்கை இயல்பாகத் தோன்றக்கூடியது என்கிறார் அவர்.

இரண்டு ஆவணங்களையும் உள்ளபடியே ஒட்டிப் பார்ப்போம். கிடைப்பது என்ன? பூஜ்யத்தைக் கடக்கும் வேளையில் மட்டும், ஒரே அட்டவணையோடு பேசிவிட்டு, மற்ற நேரத்தில் வாய்மூடி இருக்கும் மோடம். அது கோரிக்கையில் உள்ள மோடம் இல்லை. எக்ஸ்10 ஒரே ஒரு நல்ல தருணத்தைத் தேர்ந்துகொள்ளக் கற்பிக்கிறது. கோரிக்கையோ எந்தப் பகுதியையும் விடாமல், ஒவ்வொன்றிலும் அதனதன் தகுதிக்கேற்பப் பேசச் சொல்கிறது. வேகத்தைக் கூட்ட விரும்புபவர், பெரும்பகுதி நேரம் பேசாமல் இருக்கும் ஒரு முறையின் பக்கம் ஏன் திரும்ப வேண்டும் என்ற கேள்வியும் எழுகிறது. விண்ணப்பதாரரின் வழக்கறிஞர் இங்கே உட்கார்ந்துவிடலாம் என்று நினைப்பார்.

ஆனால் துறையறிந்தவர் ஆவணங்களை ஒட்டுபவர் மட்டும் இல்லை. பொது அறிவும் உள்ளவர். மெகாஹெர்ட்ஸ் பகுதியிலும் இரைச்சல் சுழற்சியோடு திரும்பத் திரும்ப வருகிறது என்பது விண்ணப்ப நாளுக்கு முன்பே பாடநூல் செய்தியாக இருந்திருந்தால், வாதம் தலைகீழாகிவிடும். அட்டவணை என்பதே இரைச்சலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதற்காக இருப்பது. இரைச்சல் 10 மில்லிநொடிக்கொரு முறை அதே வடிவில் திரும்பி வரும் என்பது தெரிந்தது. அப்படியானால் அட்டவணையையும் அந்தத் தாளத்துக்கு உட்படுத்துவது அடுத்த இயல்பான அடி. கிலோஹெர்ட்ஸ் பகுதியைப் பற்றி மட்டும் அன்று தெரிந்திருந்தால் அந்த அடி அத்தனை உறுதியானது இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், பாடநூல் ஆதாரம் வந்துவிட்டால் இந்தப் பரந்த கோரிக்கை நிற்காது. பகுதிகளின் எல்லையைப் பெறும் மோடமே அளந்து அனுப்பும் மோடத்துக்குச் சொல்வது, அல்லது ஓர் எல்லையின் குறுக்கே விழும் தரவுச் சட்டகத்தை (ஒரே தொகுப்பாக அனுப்பப்படும் தரவு) எப்படிக் கையாள்வது போன்ற கூடுதல் கூறுகளோடு குறுக்கப்பட்ட கோரிக்கைக்கு வாய்ப்பு உண்டு. 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி முறை, சுழற்சியின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு அட்டவணைகளை வைத்துக்கொள்ளவே செய்கிறது. அது இன்று எல்லோருக்கும் தெரியும் என்பதை வைத்து, 1990களின் இறுதியில் அது இயல்பாகத் தோன்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. நாளுக்குப் பிந்திய அறிவுக்கு இந்தச் சோதனையில் இடமில்லை.

இதுவரை வந்த வழி: வேறுபாட்டைக் குறித்தோம், விளைவைக் கேட்டோம், தீர்வு கலக்காமல் சிக்கலை எழுதினோம், அன்றைய அறிவில் அந்தத் திசைக்குத் தள்ளும் காரணம் இருந்ததா என்று தேடினோம். முடிவைத் தீர்மானித்தது, எந்த அதிர்வெண் பகுதியின் இரைச்சலைப் பற்றி எது எப்போது தெரியவந்தது என்ற ஒரே விவரம்.

## மூன்றாவது கம்பியின் கதை

‘வேறு துறையில் இருந்ததை இங்கே கொண்டுவந்தது’ என்ற குற்றச்சாட்டுக்கு நல்ல உதாரணம் மைமோ. ஒரே அதிர்வெண்ணில் பல ஆண்டெனாக்கள் மூலம் பல தரவு ஓட்டங்களை அனுப்பும் இந்த முறை, கம்பியில்லாத் தொடர்பில் 1990களில் வளர்ந்தது. மின்கம்பியில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று கம்பிகள் உள்ளன. கிர்ச்சாஃப் விதிப்படி (மூன்று கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்தங்களைச் சுற்றிக் கூட்டினால் பூஜ்யமே வரும்) இவற்றில் ஒன்றையொன்று சாராத இரண்டு இணைகளில்தான் சைகையைச் செலுத்த முடியும். ஆயினும் இரண்டு என்பது ஒன்றைவிட மேலானது. 2012இல் வெளியான ஹோம்பிளக் ஏவி2 இந்த முறையைச் சேர்த்துக்கொண்டது.

முதல் பார்வையில் இது வெறும் இடமாற்றம். சற்று நிதானித்தால் தயக்கத்துக்கான காரணங்கள் தெரிகின்றன. ஆண்டெனாக்களை விலக்கி வைக்கலாம். ஒரே குழாய்க்குள் ஓடும் மூன்று கம்பிகளை விலக்க முடியாது, ஓர் இணையில் விட்ட சைகை அடுத்த இணையிலும் வலுவாகத் தெரியும். பழைய கட்டடங்களில் பல பிளக் பாயிண்டுகளுக்கு எர்த்தே கிடையாது. பாதுகாப்புக்காக இழுத்த கம்பியில் சைகையை ஏற்றப் பொறியாளர் தயங்குவதும் இயல்பு.

இந்தத் தயக்கத்தை விண்ணப்பதாரர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். துறை முழுவதும் ஒரு வழியைத் தவறானது என்று நம்பியிருந்தபோது அந்த வழியில் சென்று வென்றவர், இயல்பாகத் தோன்றியதைச் செய்தவர் ஆகமாட்டார். ஆனால் அந்த நம்பிக்கை துறையில் பரவலாக இருந்தது என்பதை அவரே நிறுவ வேண்டும். பொதுவாகப் பாடநூல்களைக் காட்டித்தான் நிறுவ முடியும், ஒரு கட்டுரையாசிரியரின் ஐயத்தைக் காட்டிப் பயனில்லை. மைமோ கம்பியில்லாத் துறையில் பரவலாக அறியப்பட்ட பின், ‘மின்கம்பியில் மைமோ’ என்று மட்டும் சொல்லும் கோரிக்கையைக் காப்பாற்றுவது கடினம் என்றே நினைக்கிறேன். எர்த் இல்லாத இடத்தில் மோடம் அதை உணர்ந்து எவ்வாறு தன் முறையை மாற்றிக்கொள்கிறது என்பது போன்றவற்றில் வேறு கதை.

## எளிதில் விழுபவை

சில கோரிக்கைகளுக்கு இத்தனை உழைப்புத் தேவைப்படுவதில்லை. வானொலி ஆர்வலர்களின் அலைவரிசைகளில் மின்கம்பிச் சைகை கசிந்து இடையூறு தரக்கூடும் என்பதால் அந்தப் பகுதிகளை அணைத்து வைக்கும்படி விதிமுறை சொல்லும்போது, அவற்றை அணைக்கும் மோடத்துக்கான காரணத்தை விதிமுறையே தந்துவிடுகிறது.

மின்பாய்ச்சல் தடுப்பியையும் மறையாக்கத்தையும் ஒரே அடாப்டரில் வைப்பது போல, தனித்தனியே தெரிந்த இரண்டு கூறுகள் தத்தம் வேலையை மட்டும் செய்தால், அது அடுக்கி வைத்தல்தான். இரண்டும் சேர்ந்து, தனித்தனியே தராத ஒரு விளைவைத் தந்தால் மட்டுமே சேர்க்கை பேசப்படும். அதேபோல, அளவியிலிருந்து மின்கம்பி வழியே வரும் வாசிப்பை வைத்து எந்த நேரத்துக்கு எந்தக் கட்டணம் என்று கணக்கிடும் விதி எவ்வளவு புதிதாக இருந்தாலும், அது வணிக விதி. ஐரோப்பிய அலுவலகம் அதைப் புத்தாக்கப் படியின் கணக்கில் சேர்ப்பதில்லை.

## கையில் இருக்க வேண்டியவை

எதிர்ப்பவருக்கு முதலில் வேண்டியது, நாள் நிரூபிக்கப்பட்ட ஆவணம். கண்காட்சியில் பார்த்தேன், அப்போதே எல்லோருக்கும் தெரியும் என்பவை வாக்குமூலங்களே. கருவியின் கையேட்டில் அச்சான ஆண்டு, தரநிலை வெளியான நாள், மாநாட்டுத் தொகுப்பு நூலகத்துக்கு வந்த நாள் ஆகியவைதான் எடைபோடப்படும். அடுத்து, இரண்டு ஆவணங்களை இணைக்கிறார் என்றால், இணைக்கத் தூண்டிய வரி எந்த ஆவணத்தின் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இந்தியாவில் இத்தகைய எதிர்ப்பைக் காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பும் பின்பும் 25ஆம் பிரிவின் கீழ் தாக்கல் செய்யலாம். 2021இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டபின், சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் ஆணைகள் மீதான மேல்முறையீடுகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வருகின்றன.

விண்ணப்பிப்பவருக்கு வேண்டியது, விளைவுக்கான சான்று. ஐரோப்பிய அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேல்முறையீட்டு வாரியம் 2023இல் தந்த ஜி 2/21 முடிவின்படி, புத்தாக்கப் படிக்கு ஆதாரமாகச் சொல்லும் விளைவு, முதலில் தாக்கல் செய்த விண்ணப்பத்தின் கற்பிப்பிலேயே அடங்கியதாகத் துறையறிந்தவருக்குப் புலப்பட வேண்டும். பின்னால் கொண்டுவரும் அளவீடுகள் அதை உறுதிப்படுத்தலாம், புதிதாக முளைக்கவைக்க முடியாது. ஆகவே, எந்த வீட்டுக் கம்பியில், எந்தச் சாதனங்கள் இயங்கிக்கொண்டிருந்தபோது, சுழற்சியின் எந்தப் பகுதியில் எத்தனை பிட்டுகள் கூடுதலாகச் சென்றன என்ற வரைபடம், விண்ணப்பத்தோடு முதல் நாளிலேயே இணைந்திருப்பது நல்லது.